கணனிக்கும் ஞாபகப் பிசகு வரும்!

“நான் ஒண்ணும் செய்யல்ல உம்மா! அதுவாத்தான் நின்னுபோச்சு!”

என் மகன் அழாத குறையாக இப்படிச் சொன்னபோது நான் நம்பவில்லை. பதினைந்து வயதுப் பையன். பாடசாலை விட்டு வந்து, மஃரிபுக்கு முன்னால் கிடைக்கிற நேரமெல்லாம் கணனியின் முன்னால்தான் இருப்பான். கண்ட கண்ட விளையாட்டுக்களை இறக்கி வைரஸைச் சேர்த்துவிட்டான் என்று நானே வழக்கை விசாரித்து, நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். தண்டனையையும் கையோடு கொடுத்தாயிற்று. இரண்டு வாரத்துக்கு அந்த அறைப் பக்கமே தலைகாட்டக் கூடாது!

அவன் தலைகாட்டவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரத்திலும் நீலத் திரை நாலு தடவை வந்தது. கடைசித் தடவை அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான்தான். கேக் ஓடர்க் கணக்கைப் பதிந்துகொண்டிருந்தேன். இப்போது யாரைக் குற்றம் சொல்வது?

சகோதரிகளே, முகத்துவாரத்தில் எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதையென்று இதை நினைத்துவிடாதீர்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது, ‘ஸூம்’ வகுப்புக்கென்று எத்தனை வீடுகளில் அவசர அவசரமாகக் கணனிகள் வந்து இறங்கின! புதிது வாங்க வசதியில்லாதவர்கள் பாவித்த கணனிகளை வாங்கினோம். பிறகு ‘மெதுவாக ஓடுகிறது’ என்று யாரோ சொல்ல, உள்ளே ஒரு ரேம் துண்டைக் கூடுதலாகச் செருகிக்கொண்டோம். அந்தக் கணனிகளுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது. வயதானால் மனிதருக்கு வருகிற ஞாபகப் பிசகு கணனிக்கும் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் வீட்டில் அது எப்படித் தொடங்கியது தெரியுமா? முதலில் நீலத் திரை. இன்று ஒரு காரணம் எழுதும், நாளை வேறொரு காரணம் எழுதும். பிறகு, நேற்று நன்றாகத் திறந்த கோப்பு இன்று ‘கெட்டுப்போயிருக்கிறது’ என்று திறக்க மறுக்கும். படமொன்றைத் திறந்தால் மேல் பாதி படமாகவும், கீழ்ப் பாதி சாம்பல் நிறப் பட்டையாகவும் இருக்கும். ஒரு நாள் முழுக்க ஒன்றும் நடக்காது. அடுத்த நாள் ஒரு மணித்தியாலத்தில் மூன்று தடவை தானாக அணைந்து எழும்பும். ஒரு ஒழுங்கே இல்லாமல் வருவதுதான் இந்த நோயின் அடையாளம் என்பது பின்னால்தான் புரிந்தது.

வந்து பார்த்த தம்பி விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுத் தந்தார். காசு கொடுத்தோம். பத்து நாளில் பழைய குருடி கதவைத் திறடி! இரண்டாம் தடவையும் போட்டார். அப்போது பாதியிலேயே நின்றது. “மதர்போர்ட் போயிட்டுது, மாத்தினாத்தான் சரி” என்று ஒரு தொகையைச் சொன்னார். அந்தத் தொகையைக் கேட்டதும், ‘பேசாமல் தூக்கிக் குப்பையில் போடலாம்’ என்றார் பிள்ளைகளின் வாப்பா.

அந்த வெள்ளிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து என் நானா குடும்பத்தோடு வந்திருந்தார். அவருடைய மகள் கணனி படிக்கிறவள். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“மாமி, மெமரி டெஸ்ட் போட்டுப் பாத்தீங்களா?”

யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

பலகையில் எழுதிய பாடம்

நம் வாப்பாமார் காலத்து ஓதப்பள்ளியை நினைத்துப் பாருங்கள். மரப்பலகையில் மையால் பாடத்தை எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளை ஓதி ஒப்புவித்த பிறகு பலகையைக் கழுவிவிட்டு அடுத்த பாடம் எழுதப்படும். கிதாபு அலுமாரியில் பத்திரமாக இருக்கும். அன்றன்றைய வேலை பலகையில் நடக்கும். கணனியிலும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க் என்பது அலுமாரி. ரேம் என்பது பலகை. நீங்கள் எதைத் திறந்தாலும், எதைப் பிரதி எடுத்தாலும், எதை எழுதிச் சேமித்தாலும் அது அந்தப் பலகை வழியாகத்தான் போய்வர வேண்டும்.

இந்தப் பலகை ஆச்சரியமானது. 8 ஜீபீ ரேம் ஒன்றில் சுமார் 6,870 கோடி நுண்ணிய மின்தேக்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குடம். மின்னேற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. குடம் அத்தனையும் ஒழுகுகிற குடங்கள்! ஆகையால் ஒழுகிப் போகுமுன் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரணமாக 64 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை, அதாவது வினாடிக்குப் பதினைந்து தடவை போல, அத்தனை குடத்தையும் கணனி நிரப்பிவிடுகிறது. ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் மட்டும் கொண்ட இந்த அமைப்பு 1966 இல் ஐபிஎம் நிறுவனத்தின் ரொபர்ட் டெனார்ட் என்பவருக்குத் தோன்றியது. 1968 இல் காப்புரிமை கிடைத்தது. இன்றும் உலகத்துக் கணனிகளெல்லாம் அந்த ஒழுகும் குடங்களை வைத்துத்தான் ஓடுகின்றன.

கோடிக்கணக்கான குடங்களில் ஒன்று பழுதாகி, நிரப்புமுன்பே வற்றிவிட்டால் என்ன ஆகும்? 1 என்று வைத்தது 0 என்று திரும்பி வரும். அது ஒரு படத்தின் மூலையில் ஒரு புள்ளியாக இருந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. விண்டோஸின் கட்டளை ஒன்றில் இருந்தால் நீலத் திரை. கணக்கில் இருந்தால்? 5,000 என்ற எண்ணில் ஒரே ஒரு பிட் கவிழ்ந்தால் அது 904 ஆகிவிடலாம். எழுத்துப் பிழை என்றால் வாசிக்கும்போது பிடிபடும். இது சரியான எண்ணைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இது கற்பனையல்ல. 2003 மே 18 ஆம் திகதி பெல்ஜியத்தில் தேர்தல் நடந்தது. பிரசல்ஸின் ஸ்கார்பேக் பகுதியில் ஒரு வேட்பாளருக்கு, கிடைக்கவே முடியாத அளவு வாக்கு விழுந்திருப்பதாக இயந்திரம் காட்டியது. மறுபடி எண்ணியபோது சரியாக 4,096 வாக்குகள் அதிகம்! 4,096 என்பது கணனியின் கணக்கில் ஒரே ஒரு பிட்டின் பெறுமதி. நினைவகத்தில் ஒரு பிட் 0 இலிருந்து 1 ஆகத் தானாகக் கவிழ்ந்திருக்க வேண்டும் என்றுதான் முடிவு கண்டார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர் ஒன்று பட்டிருக்கலாம் என்று பேசப்பட்டது.

கதிர் என்று கேட்டதும் நம் வீட்டுக் கணனிக்கும் அதுதானோ என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 2009 இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடர் என்ற பெண் விஞ்ஞானி, கூகுள் நிறுவனத்தாரோடு சேர்ந்து, அந்த நிறுவனத்தின் கணனிகளில் இரண்டரை ஆண்டுகளாகப் பதிவான நினைவகப் பிழைகளை ஆராய்ந்து வெளியிட்டார். ரேம் துண்டுகளில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்டவை ஒரு வருடத்துக்குள் ஒரு பிழையாவது காட்டின. முன்னர் எண்ணியதைவிட இது மிக அதிகம். கதிர்பட்டுத் தற்செயலாகக் கவிழ்வதைவிட, துண்டிலேயே இருக்கும் நிரந்தரப் பழுதுதான் பெரும்பாலும் காரணம் என்றும் அவர்கள் கண்டார்கள். அந்த நிறுவனத்தின் கணனிகளில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துகிற விசேஷ ரேம் உண்டு. நம் வீட்டுக் கணனிகளில் பெரும்பாலும் அது இல்லை. பிழை வந்தால் நமக்குச் சொல்ல ஆளில்லை.

ஒப்புவிக்கச் சொல்லுங்கள்!

சொல்ல ஆளில்லை என்றால் நாம்தான் கேட்க வேண்டும். மெமரி டெஸ்ட் என்பது வேறொன்றுமில்லை, பாடம் ஒப்புவிக்கச் சொல்வதுதான். பலகை முழுக்க ஒரு மாதிரியை எழுதும், திரும்ப வாசிக்கும், எழுதியதும் வாசித்ததும் ஒன்றா என்று பார்க்கும். பிறகு மாதிரியை மாற்றி எழுதும். சில பழுதுகள் பக்கத்துக் குடத்தில் 1 இருக்கும்போது மட்டுமே தலைகாட்டும் என்பதால்தான் இத்தனை மாதிரிகள்.

விண்டோஸுக்குள்ளேயே இதற்கொரு கருவி இருக்கிறது. தேடும் இடத்தில் ‘மெமரி’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ‘விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்’ என்று வரும். அதை அழுத்தினால் கணனி அணைந்து எழும்பிச் சோதனையைத் தொடங்கும். அதற்கு முன் திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்து மூடிவிடுங்கள். சோதனை ஓடும்போது எப்1 விசையை அழுத்தினால் ‘எக்ஸ்டென்டட்’ என்ற நீண்ட சோதனையைத் தெரிவுசெய்யலாம். சுருக்கமான சோதனையில் தப்பித்துவிடுகிற பழுதுகள் உண்டு. எங்கள் கணனி அதில் ‘பிழை எதுவுமில்லை’ என்று நற்சான்றிதழே வாங்கிவிட்டது!

நானாவின் மகள் அதோடு விடவில்லை. ‘மெம்டெஸ்ட்86 பிளஸ்’ என்ற இலவச மென்பொருளைத் தன் மடிக்கணனியில் இறக்கி ஒரு பென்ட்ரைவில் ஏற்றினாள். அந்தப் பென்ட்ரைவில் முன்பிருந்தது எல்லாம் அழிந்துவிடும். கலியாண வீடியோ இருக்கிற பென்ட்ரைவைக் கொடுத்துவிடாதீர்கள். இதைப் பழுதான கணனியிலேயே இறக்கவும் வேண்டாம். பிசகுள்ள பலகையில் எழுதிய சோதனைத் தாளை எப்படி நம்புவது? பென்ட்ரைவைச் செருகிவிட்டுக் கணனியை எழுப்பினால் விண்டோஸ் வராமல் நேரே சோதனை ஓடும். சில கணனிகளில் பயோஸுக்குள் போய் ‘செக்யூர் பூட்’ என்பதை நிறுத்தினால்தான் இது எழும்பும்; வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

இஷா தொழுதுவிட்டு ஓடவிட்டோம். ரேமின் அளவையும் கணனியின் வேகத்தையும் பொறுத்து ஒரு சுற்று முடிய ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ ஆகலாம். ஒரு சுற்றோடு நிறுத்தினால் போதாது. இரவு முழுக்க ஓட வேண்டும். சுப்ஹுக்கு எழும்பி வந்து பார்த்தபோது திரையில் வரிசை வரிசையாகச் சிவப்பு! எந்த இடத்தில் என்ன எழுதியது, என்ன திரும்பி வந்தது என்று ஒவ்வொரு வரியிலும் இருந்தது. அதை அப்படியே கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டேன். அந்தப் படம் பிறகு எங்களுக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

“எத்தனை பிழை வரை பரவாயில்லை?” என்று கேட்டேன். “ஒன்றும் பரவாயில்லை மாமி. பூச்சியந்தான் சரி” என்றாள். கோடிக்கணக்கில் ஒன்றுதானே என்று மனம் சமாதானம் சொல்லும். ஆனால் அந்த ஒன்று எந்த நேரத்தில் எதன்மேல் விழும் என்று யாருக்கும் தெரியாதே.

அன்று காலையே மகனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல உம்மா” என்றான். அடுத்த மூச்சிலேயே, விடுபட்ட இரண்டு வார விளையாட்டையும் ‘கழா’ செய்ய வேண்டும் என்றான்!

குற்றவாளி யார்?

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சோதனையில் சிவப்பு வந்துவிட்டது, ரேமைத் தூக்கி எறி, புதிது வாங்கு என்று ஓடுகிறார்கள். பிழை இருக்கிறது என்று மட்டும்தான் சோதனை சொல்லும். யாருடைய பிழை என்று சொல்லாது. ரேம் துண்டாக இருக்கலாம். துண்டைச் செருகும் ஸ்லொட்டாக இருக்கலாம். பிரசசருக்குள் இருந்து ரேமை ஆளும் பகுதியாக இருக்கலாம். மின்சாரம் கொடுக்கும் பெட்டியாக இருக்கலாம். அல்லது பயோஸில் யாரோ வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். மகன் விஷயத்தில் செய்த அதே தவறை ரேம் விஷயத்திலும் செய்ய நான் தயாராக இல்லை.

விசாரணைக்கு ஒரே ஒரு விதிதான்: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிவிட்டுப் பிழை போனால், எதனால் போனது என்று தெரியாமலே போய்விடும்.

கணனியை அணைத்து, வயரைச் சுவரிலிருந்து கழற்றினோம். பிறகு பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்தோம். உள்ளே மீந்திருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொண்டுதான் ரேமில் கைவைக்க வேண்டும். நம் உடம்பில், துணியில் சேரும் நிலைமின்சாரம் ரேமுக்கு விஷம். இந்த வேலைக்கு மகனைத்தான் அழைத்தேன். நேற்றுவரை குற்றவாளிக் கூண்டில் நின்றவன் இன்று விசாரணை அதிகாரி!

உள்ளே இரண்டு துண்டுகள். ஒன்று கணனியோடு வந்த 4 ஜீபீ. மற்றது இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் சேர்த்த 8 ஜீபீ. இரண்டிலும் சிறு துண்டு செலோடேப்பை ஒட்டி ‘அலிஃப்’, ‘பே’ என்று எழுதினான். இது விளையாட்டல்ல, மூன்றாவது தடவை கழற்றும்போது எது எதுவென்று நிச்சயமாகக் குழம்பும்.

கழற்றியபோது ஸ்லொட்டுக்குள் பஞ்சு பஞ்சாகத் தூசி. களனி கங்கை கடலில் விழுகிற இடத்தில் இருக்கிறோம். எங்கள் யன்னல் கம்பி எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் துருப்பிடிக்கும்; பித்தளைப் பூட்டு பச்சை பிடிக்கும். உப்புக் காற்றும் ஈரமும் தூசியோடு சேர்ந்து ஸ்லொட்டுக்குள் படிந்தால் தொடுப்பு எப்படிச் சுத்தமாக இருக்கும்? வியாழன் இரவுச் சாம்பிராணிப் புகையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ரேமின் அடிவிளிம்பில் பொன்னிறமாக வரிசையாக இருக்கும் பட்டைகளைத் துப்புரவாக்க, பலர் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்ப்பார்கள். மெதுவாகத் தேய்த்தால் பலன் உண்டுதான். ஆனால் அழிறப்பர்த் தூளே ஸ்லொட்டுக்குள் விழுந்து இன்னொரு தொல்லையாகும், முரட்டுத்தனமாகத் தேய்த்தால் மெல்லிய பொன்பூச்சும் போகும். ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைப்பதே நல்லது. பெயரைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம். இது துப்புரவுக்குப் பாவிக்கும் திரவம். நன்றாகக் காய்ந்த பிறகு, இரு பக்கக் கொளுக்கியும் ‘டிக்’ என்று விழும்வரை அழுத்திச் செருக வேண்டும். சில வீடுகளில் கதை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். துடைத்துச் செருகியதும் சிவப்பு மறைந்துவிடும்.

எங்களுக்கு மறையவில்லை. ஆகவே ஒவ்வொருவராக விசாரித்தோம். ‘அலிஃப்’ மட்டும், முதல் ஸ்லொட்டில், ஓர் இரவு. ஒரு பிழையுமில்லை. அதே ஸ்லொட்டில் ‘பே’ மட்டும். பத்து நிமிடத்தில் சிவப்பு! அத்தோடு தீர்ப்பு எழுதவில்லை. ‘பே’யை மற்ற ஸ்லொட்டுக்கு மாற்றி இன்னொரு தடவை ஓட்டினோம். அங்கும் சிவப்பு. பிழை வந்த இடமும் திரும்பத் திரும்ப ஏறக்குறைய அதே இடம். ஒரே இடத்தில் பிழை வருமானால் துண்டிலேயே பழுது என்று பெரும்பாலும் நம்பலாம். இடம் மாறி மாறிச் சிதறி வருமானால் வேகம், சூடு, மின்சாரம் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் விசாரணை வேறு மாதிரியும் முடியலாம். இரண்டு துண்டும் ஒரு ஸ்லொட்டில் மட்டும் பிழைவிட்டு, மற்றதில் ஒழுங்காக இருந்தால் ஸ்லொட்டின் குற்றம். மதர்போர்ட்டைக் காட்ட வேண்டும். அவசரத்துக்கு நல்ல ஸ்லொட்டில் ஒரு துண்டை மட்டும் வைத்து ஓட்டலாம், ஒன்றும் ஆகாது. எந்தத் துண்டை எங்கே வைத்தாலும் பிழை என்றால், அத்தனை துண்டும் ஒரே நேரத்தில் கெட்டிருப்பது அரிது. பயோஸையும், பவர் சப்ளையையும், பிரசசரையும் பார்க்க வேண்டிய கட்டம் அது. அங்கே நம் வேலை முடிந்து, தெரிந்தவர் வேலை தொடங்குகிறது. ஆனால் எதையெதைச் சோதித்தோம் என்று ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தால், ‘மதர்போர்ட் போய்விட்டது’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டார்.

ஒவ்வொன்றாக வைத்தால் நல்ல பிள்ளைகள், சேர்த்து வைத்தால் சண்டை என்றும் ஒரு வகை உண்டு. அதையும் நாங்கள் அனுபவித்தோம். ‘பே’க்கு உத்தரவாதக் காலம் முடியவில்லை. பில்லும் இருந்தது. சிவப்புத் திரையின் படத்தைக் காட்டியதும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார். புதுத் துண்டைத் தனியே சோதித்தோம், சுத்தம். பழைய 4 ஜீபீயையும் சேர்த்துப் போட்டு ஓட்டினால், அதிகாலையில் இரண்டு பிழை! எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானாவின் மகளுக்கு அழைத்தால், “மாமி, பயோஸில் எக்ஸ்எம்பி என்று ஒன்று ‘ஒன்’ ஆகி இருக்குதா பாருங்க” என்றாள். இருந்தது. ரேமை அதன் சாதாரண வேகத்துக்கு மேலே ஓடவைக்கிற ஏற்பாடு அது. இரண்டு வேறு வேறு துண்டுகளால் அந்த வேகத்தில் சேர்ந்து ஓட முடியவில்லை. அதை நிறுத்தியதும் இரண்டு இரவு ஓடியும் பூச்சியம். அல்ஹம்துலில்லாஹ். உண்மையில் பயோஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து சோதிப்பதைத்தான் நாங்கள் முதலில் செய்திருக்க வேண்டும். செலவில்லாத வேலை, இஸ்குருப்பைக் கழற்றவும் தேவையில்லை. எங்களுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

கரண்ட் போய் வருவதால் ரேம் கெடுமா என்று பலர் கேட்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடே இருளில் மூழ்கியதாகச் சொன்னார்கள். அதையும் மறக்க முடியாது! கரண்ட் நின்றதால் மட்டும் ரேம் கெடுவதில்லை. திரும்பி வரும்போது பாய்கிற ஏற்ற இறக்கம் பவர் சப்ளையைத் தளர்த்தும்; தளர்ந்த பவர் சப்ளை ரேமுக்குச் சீரான மின்சாரம் கொடுக்காது. கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றி வைத்து, வந்து கொஞ்ச நேரம் கழித்துப் போடுவது செலவில்லாத காவல். சூட்டைப் பற்றி நான் முதலில் அதிகம் பயந்தேன். கூகுள் ஆராய்ச்சியில் சூட்டினால் வந்த வித்தியாசம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்ததாம். ஆனாலும் ஏற்கெனவே தள்ளாடுகிற துண்டு நண்பகல் வெக்கையில் முதலில் விழும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

புதிதாக வாங்க நேர்ந்தால், பழைய துண்டைக் கையோடு கொண்டு போங்கள், பம்பலப்பிட்டிக்குப் போனாலும் சரி, புறக்கோட்டைக்குப் போனாலும் சரி. டீடீஆர்3, டீடீஆர்4, டீடீஆர்5 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றின் வெட்டு மற்றதின் ஸ்லொட்டில் பொருந்தாது. மடிக்கணனியின் துண்டு நீளம் குறைந்தது. முடிந்தால் ஒரே பெட்டியில் சோடியாக விற்பதை வாங்குவது நல்லது. 2025 இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்காக ரேமை அள்ளி வாங்கத் தொடங்கியதும் உலகச் சந்தையில் விலை கிடுகிடுவென்று ஏறியது. ஆகையால் நல்ல துண்டைக் கெட்டதென்று தூக்கி எறிவது முன்னைவிடப் பெரிய நட்டம்.

வாப்பாவின் படங்கள்

கடைசியாக, நான் செய்த பெரிய தவறு.

எங்கள் வாப்பா 1996 இல் ஹஜ்ஜுக்குப் போய் வந்தார். அந்தப் பயணத்தின் படங்களும், அவர் மௌத்தாவதற்கு முந்திய பெருநாள் படங்களும் ஒரு அல்பத்தில் இருந்தன. முகத்துவாரத்து ஈரத்தில் அல்பம் பூஞ்சணம் பிடித்து, படங்கள் தாளோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கியதால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணனியில் வைத்திருந்தேன். நீலத் திரை அடிக்கடி வந்தபோது, கணனி ஒரேயடியாகப் போய்விடுமோ என்று பயந்து அந்தப் படங்களை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு மாற்றினேன். பிரதி எடுக்கவில்லை; மாற்றினேன். அதாவது, அங்கே போனதும் இங்கே அழிந்துவிடும்.

பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தது அதுதான். ஆனால் அலுமாரியிலிருந்து எடுத்த ஒவ்வொரு படமும் அந்தப் பழுதான பலகை வழியாகத்தான் போனது. பதினொரு படங்கள் பாதிப் பட்டையாகப் போய்ச் சேர்ந்தன. இங்கே இருந்த நல்லவை அழிந்துவிட்டன. பிறகு அந்தத் தம்பி இரண்டு தடவை விண்டோஸ் போட்டதில் மீட்கிற வழியும் அடைந்துபோயிற்று.

கணனி இப்படிக் காரணமில்லாமல் தள்ளாடத் தொடங்கினால், சகோதரிகளே, எதையும் மாற்றாதீர்கள், எதையும் திறந்து திருத்திச் சேமிக்காதீர்கள், விண்டோஸைப் புதிதாகப் போட விடாதீர்கள். முதலில் ரேமைச் சோதியுங்கள். அவசரமாகப் பாதுகாக்க வேண்டியது இருந்தால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, நல்ல கணனி ஒன்றில் இணைத்துப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பிரதியை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகும் மூலத்தை அழிக்க வேண்டாம்.

பதினொன்றில் ஆறு படங்கள் நானாவின் கைத்தொலைபேசியில் கிடைத்தன. எப்போதோ வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். சின்னதாக, மங்கலாக இருந்தாலும் வாப்பாவின் முகம் தெரிகிறது. மீதி ஐந்தும் மினாவில் எடுத்தவை. அவற்றின் நெகட்டிவ் உம்மாவின் பழைய தகரப் பெட்டிக்குள் இருக்கலாம் என்று நானா சொல்கிறார். பெட்டியின் சாவியைத்தான் உம்மா எங்கே வைத்தார் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.